ஃபில்டருக்குப் பின்னால் ஒளியும் பேர்ல் கௌராமி

கேள்வி: எங்கள் மூன்றடி மீன்தொட்டியில் மூன்று டைகர் பார்ப், எட்டு நியான் டெட்ரா இருக்கின்றன. போன வாரம் கொளத்தூரில் ஒரு பேர்ல் கௌராமி வாங்கி விட்டேன். அன்றிலிருந்து ஃபில்டருக்குப் பின்னாலேயே நிற்கிறது. தீனி போட்டால் வருவதில்லை, அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு மறுபடி ஓடி ஒளிகிறது. நோயா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
வாசகி, அம்பத்தூர்

பதில்: கௌராமியை வைத்துக்கொள்ளுங்கள், அந்த மூன்று டைகர் பார்ப்பையும் திருப்பிக் கொடுங்கள். டைகர் பார்ப் எட்டுப் பத்தாக இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும், இரண்டு மூன்றாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற மீனின் துடுப்பைக் கடிக்கப் போய்விடும். கௌராமிக்கு வயிற்றுக்கு அடியில் நூல் மாதிரி இரண்டு தொங்குகிறதே, அதுவும் துடுப்புதான், எதிரில் இருப்பது என்ன என்று அதால் தொட்டும் சுவைத்தும்தான் தெரிந்துகொள்ளும். பார்ப் முதலில் குறிவைப்பது அந்த நூலைத்தான். இப்போதே உற்றுப் பாருங்கள், நுனி அறுந்திருந்தால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். கௌராமியோடு வளர்ப்பதாக இருந்தால், பார்ப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதைக்கூட நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த வாய் திறப்பது. கௌராமிக்குச் செவுள் போக, காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தலைக்குள் தனியாக ஓர் உறுப்பு உண்டு, அதனால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிப் போவது அதன் இயல்பு. அப்படியில்லாமல் மேலேயே தொங்கிக்கொண்டு செவுளை வேகமாக அடித்தால், அதுவும் டெட்ராக்களும் சேர்ந்து அப்படிச் செய்தால், தண்ணீரில் கோளாறு. உடனே அமோனியா டெஸ்ட் செய்து பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து சேர்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இந்த மீனின் சொந்த ஊர் மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கத்துச் சதுப்பு நிலங்கள், மெதுவாக ஓடும் ஓடைகள். செடி அடர்ந்து, மேலே இலை மூடி, வெளிச்சம் மங்கலாக இருக்கும் தண்ணீர் அது. நம் வீட்டுத் தொட்டியிலோ தலைக்கு மேல் பளீரென்று எல்இடி, ஃபில்டர் தள்ளுகிற வேகத்தில் ஒரு மூலைகூட அமைதியாக இருக்காது. உங்கள் மீன் ஃபில்டருக்குப் பின்னால் போய் நிற்பது அங்கே மட்டும்தான் மறைவு இருக்கிறது என்பதால். ஒரு வாரம் விளக்கைக் குறைத்துப் போடுங்கள், ஃபில்டர் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள், மேலே மிதக்கக் கொஞ்சம் ஆகாயத்தாமரை விடுங்கள். அதைக் குளத்திலிருந்து எடுத்து வராதீர்கள், வேரில் தட்டான் புழு ஒட்டி வந்தால் டெட்ராவையே தின்றுவிடும், கடையில் வாங்குங்கள். பின்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் உயரமான செடி வைத்தால் ஒரு மறைவிலிருந்து இன்னொன்றுக்கு அது தைரியமாக நகரும். தயவுசெய்து வலையை விட்டு வெளியே விரட்டாதீர்கள், கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீர்கள், வீட்டுக் குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

தீனி விஷயம் சுலபம். விளக்கை அணைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், டெட்ராக்களுக்கு ஒரு மூலையில் போட்டுவிட்டு, அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது கௌராமி நிற்கிற பக்கம் உறைந்த ரத்தப்புழு கொஞ்சம் கரைத்து விடுங்கள். பத்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். சில நாள் சாப்பிடாமல் இருப்பதால் நல்ல மீன் செத்துவிடாது, ஆனால் துடுப்பை மடக்கிக்கொண்டே இருந்தாலோ, உடம்பில் உப்புத்தூள் போட்டது போல வெள்ளைப் புள்ளி வந்தாலோ தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், தொட்டியில் இருக்கிற மற்ற மீன்களையும் விடாமல் கவனியுங்கள்.

அது வெளியே வந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு இரண்டு பெண் கௌராமி வாங்குங்கள். ஆணுக்குத் தொண்டை ஆரஞ்சாக இருக்கும், முதுகுத் துடுப்பு நீண்டு கூராக இருக்கும். வாங்கினால் இரண்டு மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்திருந்து பிறகு விடுங்கள், விடுகிற அன்று கல்லையும் செடியையும் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள், கடைப் பையில் இருக்கும் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.