பல வருடமாக டை போடுபவருக்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

அழகுக்கலைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். ஹேர் கலரிங்கில் தேற ஆசை. ஆனால் வகுப்பில் வரலாறும் வேதியியலும்தான் ஓடுகின்றன. இவை தொழிலுக்கு உதவுமா? டை ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே தோலில் சிறிது பூசிப் பார்ப்பதுதானே பேட்ச் டெஸ்ட்; பல வருடமாக டை போடுபவர், “எனக்கு எதற்கு அது?” என்றால் என்ன சொல்வது?

கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த வரலாற்றுப் பாடத்திலேயே இருக்கிறது. 1907இல் பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷூலர் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்து பாரீஸ் சலூன்களுக்கு விற்றார். லோரியல் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1933 வாக்கில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயம் பெண்கள் சிலரின் பார்வையைப் பறித்தது. அதில் இருந்தது பிபிடி (பாராஃபினைலின்டயமின்) என்ற சாய வேதிப்பொருள். இன்றைய நிரந்தர டைகள் பலவற்றிலும் இருப்பது அதுவே. 1938இல் அங்கே வந்த சட்டம், தார்வழித் (நிலக்கரித் தாரிலிருந்து வந்த வகை) தலைச்சாயங்களின் லேபிளில் இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்டது: முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமையிலும் புருவத்திலும் பூசக்கூடாது.

பிபிடி ஒவ்வாமை முதல் தடவையே வர வேண்டியதில்லை. பல தடவை பட்ட பிறகும் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆகவே பல வருடப் பழக்கம் பாதுகாப்பு ஆகாது. வாடிக்கையாளரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கறுப்பு மருதாணி டாட்டூ போட்டுக் கொப்புளம் வந்ததா என்றும் கேளுங்கள். வந்திருந்தால் சோதனைகூட வேண்டாம், பிபிடி டையே கூடாது.

போடப்போகும் அதே பிராண்டு, அதே ஷேடில் சோதியுங்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறு பொட்டளவு போதும். டெவலப்பர் (டையோடு கலக்கும் பெராக்சைடு கலவை) கலப்பதா, எவ்வளவு நேரம் விடுவது என்பதற்குப் பாக்கெட் குறிப்பைப் பின்பற்றுங்கள். பிறகு 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். இந்த ஒவ்வாமை தாமதமாகத்தான் தெரியும். அரைமணி நேரம் பார்த்துவிட்டு டை போடுவது சோதனையே அல்ல. அரிப்பு, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் அந்த டை வேண்டாம்.

வேதியியலும் அப்படித்தான் தொழிலுக்கு உதவும். 20 வால்யூம் டெவலப்பர் என்றால் 6% ஹைட்ரஜன் பெராக்சைடு. இயற்கை முடியின் நிறத்தை ஒன்றிரண்டு படி வெளுக்கும். ஏற்கெனவே கறுப்பு டை ஏறிய முடியில் வெளிர் டை பூசினால் நிறம் மாறாது, பழைய சாயத்தை முதலில் நீக்க வேண்டும். தலைச் சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுத்துவிடும். டை படாத முடியை முழுக்க வெளிரவைக்கும்போது வேரில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக விட்டு, நீளத்தில் முதலில் பூசுங்கள்; வேருக்குக் கடைசியில்.

கலர் கரெக்‌ஷனில், அதாவது தவறிப்போன முடி நிறத்தைச் சரிசெய்யும் வேலையில், நிலைப்பவர்கள் இதெல்லாம் புரிந்தவர்களே. டை நிறுவனங்களின் தொழில்நுட்பப் பயிற்சியாளர் வேலைக்கும் இதே அறிவுதான் வேண்டும். இப்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுங்கள்: தேதி, பிராண்டு, ஷேடு எண், டெவலப்பர் அளவு, ஊறிய நேரம், சோதனை முடிவு.