மாட்டுங்கா மாமி பதில்கள்

கேள்வி: மாமி, போன மாதம் கேபிளை நிறுத்திவிட்டோம். மகள் பத்தாம் வகுப்பு. பகலில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஏழு மணி ஆனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. கணவர் போனைக் கையில் எடுத்துக்கொள்கிறார். நான் துடைத்த சமையல் மேடையையே மறுபடி துடைக்கிறேன். டிவியை விட்ட புதிதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?
– வாசகி, சயான்

பதில்: ஏழு மணிக்கு வீட்டுக்குள் இருக்காதீர்கள் அம்மா. என் வைத்தியம் அவ்வளவுதான். டிவி போனாலும் அது உட்கார்ந்திருந்த மணி அப்படியே காலியாக இருக்கும். அங்கே போன் வந்து உட்காரும். உங்கள் வீட்டில் வந்தாகிவிட்டது.

மும்பைத் தமிழர் கதை கொஞ்சம் தனி. இங்கே டிவி 1972இலேயே வந்தது, சென்னைக்கு மூன்று வருஷம் முன்னால். ஆனால் ஞாயிறு மத்தியானம் எப்போதாவது வரும் ஒரு தமிழ்ப் படத்தை விட்டால் பெரும்பாலும் மராத்தியும் இந்தியும்தான். தமிழ் கேட்க வேண்டுமென்றால் புடவை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். சண்முகானந்தாவில் கச்சேரி, ஆஸ்திக சமாஜத்தில் உபன்யாசம், உங்கள் சயானிலேயே தமிழ்ச் சங்கம். 1990இல் சண்முகானந்தா அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டித் திறக்க 1998 ஆகிவிட்டது. அதற்குள் 1993இல் சன் டிவி தொடங்கி, தமிழ் நேராக நம் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. அரங்கம் திறந்தபோது எங்கள் பில்டிங்கிலிருந்து சேர்ந்து கிளம்பும் கும்பல் கலைந்து போயிருந்தது. டிவியை விட்டதும் நான் முதலில் தேடிப் பிடித்தது அந்தக் கும்பலில் மிச்சமிருந்தவர்களைத்தான்.

கச்சேரி தினமும் கிடைக்காது. தினத்துக்கு நடைதான். மாட்டுங்கா பூக்கடைகள் வரை வாருங்கள், கால் தெம்பாக இருந்தால் ஃபைவ் கார்டன்ஸையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். கீழே ஒருத்தி செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் சோம்பல் எடுபடாது. என் ஜோடி மூன்றாம் மாடி குஜராத்தி அம்மாள். அவள் சம்பந்தி வீட்டு வம்புக்கு முன்னால் எந்தத் தொடரும் நிற்காது.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் மழை நடக்க விடாது. அதற்கு ஒரு கேரம் போர்டு வாங்கிப் போடுங்கள். உங்கள் கணவரை இழுக்க அதுதான் சரி. கையெல்லாம் பவுடராக இருக்கிறவர் போனைத் தொட யோசிப்பார். மகளை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். நீங்கள் இருவரும் கிளம்பிப் போவதே அவளுக்குப் பெரிய உபகாரம்.

கேள்வி: டிவியே வேண்டாம் என்கிறான் மகன். மாமியாருக்கு 78 வயது, மாடி இறங்க முடியாது. ஒன்பது மணித் தொடரை விடமாட்டேன் என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, செம்பூர்

பதில்: புரியவைக்கவே வேண்டாம். ஒரு நாளில் அவரிடம் தமிழில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் இந்தி, வேலைக்கு வருகிறவள் மராத்தி. ஒன்பது மணிக்குத்தான் நாலு பேர் அவர் பாஷையில் சண்டை போடுகிறார்கள். டிவி அவர் அறைக்குப் போகட்டும். மகன் தினமும் அரை மணி பாட்டியோடு உட்கார்ந்து, நேற்றைய தொடரின் கதையையாவது கேட்கட்டும். ஒரு மாதம் அவன் தாக்குப்பிடித்தால், அப்புறம் டிவியை எடுப்பதைப் பற்றிப் பேசலாம். முடிவு பாட்டியுடையது.

கேள்வி: டிவி இல்லாமல் உங்களுக்குச் செய்தி எப்படி மாமி தெரிகிறது?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: காலையில் பேப்பர் வருகிறது. அவசரச் செய்தி என்றால் மேல் வீட்டு டிவி சொல்லிவிடும். கிரிக்கெட் ஸ்கோர்கூட எனக்குக் கூரை வழியாகத்தான் வருகிறது.