ஸீலாடெக் (XeLaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு பர்மியச் சொல் வந்ததும், அதற்குப் பிறகு வரும் தமிழெல்லாம் கட்டமாகிவிடுகிறது. என்ன செய்வது?

இதே தொல்லையில் நான் இரண்டு இரவு உட்கார்ந்திருக்கிறேன். யாங்கூனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு ஒரு சொற்புத்தகம் செய்துகொண்டிருந்தேன். இங்கே பிள்ளைகள் பர்மியத்தைத்தான் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள். அதனால் தமிழ்ச் சொல், பக்கத்தில் பர்மியப் பொருள். முதல் சொல் 'அம்மா', எதிரே 'அமே'. அந்த 'அமே'க்குப் பிறகு புத்தகம் முடியும்வரை தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம்.

எழுத்துருவை மாற்றும் கட்டளை விளக்கு சுவிட்ச் மாதிரி. ஒருமுறை போட்டால், அது இருக்கும் குழு, அதாவது அதைச் சுற்றிய நெளி அடைப்பு, முடியும்வரை அணையாது. பர்மியத்துக்கு நான் வைத்திருந்த படாக் எழுத்துருவில் தமிழ் கிடையாது, ஆகவே கட்டம். நான் அடைப்புக்குறி போடாமல் இல்லை. கட்டளையை எழுதிவிட்டு, பிறகு நெளி அடைப்பைத் திறந்து, சொல்லை உள்ளே வைத்திருந்தேன். அது பலிக்காது. அடைப்பு கட்டளைக்கும் முன்னால் திறக்க வேண்டும். கட்டளை, பர்மியச் சொல் இரண்டும் உள்ளே. அப்புறம் மூட வேண்டும். இதையே ஒரு சிறு புதுக் கட்டளையாக எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டாம். எழுத்தைப் பார்த்துத் தானாகவே எழுத்துருவை மாற்றும் யூக்கார்கிளாசஸ் என்ற தொகுப்பும் உண்டு. சின்னப் புத்தகத்துக்குக் கையால் அடைப்பதே நல்லது என்பேன், எது எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

தமிழ் எழுத்துருவை அறிவிக்கும்போது ஃபான்ட்ஸ்பெக் என்ற எழுத்துருத் தொகுப்பில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும்.

ஸீலாடெக் ஓடும்போது எழுதிவைக்கும் லாக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று தேடுங்கள், எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இல்லை என்று அங்கே இருக்கும். ஸீலாடெக்கோடு வரும் டெக் லைவ் தொகுதியின் 2021 முதலான பதிப்புகளில் ட்ரேஸிங்லாஸ்ட்சார்ஸ் என்ற அமைப்பின் மதிப்பை 3 ஆக்கினால் அதைப் பிழையாகவே காட்டி நிறுத்தும். அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் இதைச் செய்யாமல் விடுவதில்லை.

இவ்வளவும் சரியான பிறகும் என் 'அமே' சரியாகவில்லை. 'ஏம' என்று வாசிக்கும்படி நின்றது! எழுத்துருவை நாலு முறை மாற்றினேன். குற்றம் எழுத்துருவில் இல்லை. பர்மியப் பொருளை ஒரு பழைய கோப்பிலிருந்து எடுத்திருந்தேன், அது ஸோஜியில், அதாவது யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய பர்மிய எழுத்து முறையில், தட்டியது. நம் ஒற்றைக் கொம்பு போலவே பர்மியத்திலும் ஏ ஒலிக்கான குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்கும். யூனிகோடில் அது மெய்க்குப் பின் சேமிக்கப்படும். ஸோஜியில் கண்ணுக்குத் தெரிகிறபடி முன்னால். அதனால் 'ம'வுக்குரிய குறி முந்திய 'அ'வோடு ஒட்டிக்கொண்டது. மியன்மார் 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் எல்லார் கணினியிலும் கிடக்கின்றன. ரேபிட் போன்ற மாற்றியில் போட்டு எடுத்தபின் 'அமே' ஒழுங்காக வந்தது.

அடைப்பைச் சரிசெய்தும் கட்டம் போகவில்லை என்றால், எழுத்துருவை அறிவித்த வரியையும் கெட்டுப்போன முதல் வரியையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.