நூற்பாலைக்கு கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பல்லடம் பக்கத்தில் உங்கள் ஆலைக்கு 32 கேமராக்கள், 140 மீட்டர் தள்ளியிருக்கும் தொழிலாளர் விடுதிக்கு ஓர் இணைப்பு. கேட் 6 என்று அச்சிட்ட பெட்டிகளே ஒரு கடையில் ஒரு விலையும் அடுத்த கடையில் அதில் பாதியுமாக இருக்கின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பெட்டிகளையும் கையால் தூக்கிப் பாருங்கள். விலை குறைந்தது எடையிலும் குறைந்திருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம்தான். கடைகளில் அதைச் சி.சி.ஏ. என்பார்கள். மேலே செம்பு நிறம் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். கேட் 6 தரவிதிகள் இந்தக் கம்பியை ஏற்பதே இல்லை. பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது கேட் 6 ஆகாது.

நான் இதில் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். ஓர் ஆலையில் அவர்களே வாங்கி வைத்திருந்த கேபிளை இழுத்துக் கேமராக்களைப் பொருத்திக் கொடுத்தேன். பகல் முழுக்கப் படம் பளிச்சென்று இருந்தது. மாலை ஆறரை மணிக்கு மேல் கடைக்கோடியில் இருந்த 4 கேமராக்கள் அணைவதும் எழுவதுமாக இருந்தன. கேமராவை மாற்றினேன், கேமராக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றினேன், மூன்று இரவுகள் அங்கேயே கிடந்தேன். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். அதே கேபிள் வழியாகத்தான் மின்சாரமும் போகிறது. அலுமினியக் கம்பியில் வழியிலேயே மின்னழுத்தம் விழுந்துவிட, கேமரா துவண்டு போனது. கூரையில் கட்டிய அத்தனை கேபிளையும் அவிழ்த்து மறுபடி இழுத்தோம். மிச்சப்படுத்திய தொகையைவிடக் கூலி அதிகமாகிவிட்டது.

அதற்குப் பிறகு மல்டிமீட்டர் இல்லாமல் நான் கேபிள் வாங்கப் போவதில்லை. பெட்டியைத் திறந்தால் சுருளின் இரு முனைகளும் கைக்கு எட்டும். ஒரு முனையில், கேபிளுக்குள் உள்ள நான்கு ஜோடிகளில் நீல ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சீவி ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். மறுமுனையில் அதே இரண்டு கம்பிகளில் மீட்டரை வைத்து மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். முழுப் பெட்டியின் 305 மீட்டருக்கு, 23 கேஜ் தடிமனுள்ள தூய செம்பு என்றால் 40 முதல் 45 ஓம் வரை காட்டும். தரவிதியின் உச்சவரம்பு 57 ஓம் அளவில் வருகிறது. அதைத் தாண்டினால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

விடுதிக்குச் செம்பு வேண்டவே வேண்டாம். கேபிள் வழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டுக்குச் செம்பில் 100 மீட்டர்தான் எல்லை. அதோடு, இரண்டு கட்டடங்களைச் செம்பால் இணைத்தால் எங்கோ இடி விழும்போது இரு பக்கச் சுவிட்சுகளும் போகலாம். ஒளியால் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபரில் சிங்கிள் மோடு வகை, எலி கடிக்காதபடி எஃகுக் கவசம் உள்ளது, 6 இழை வாங்குங்கள். இன்றைக்கு 2 இழை போதும், மற்றவை உதிரியாகக் கிடக்கட்டும். கவசத்தை மட்டும் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்யச் சொல்லுங்கள்.

இயந்திரக் கூடத்தில் மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வர்ட்டர்கள் கிளப்பும் மின் இரைச்சல் அதிகம். அங்கே ஃபாயில் சுற்றிய கேபிள் நல்லது. ஆனால் சுவிட்சுகளை வைக்கும் ராக் (அலமாரி) பக்கம் எர்த் சரியாக இல்லாவிட்டால் அந்த ஃபாயிலால் பயனில்லை. கனெக்டரும் உலோக உறை கொண்டதாக இருக்க வேண்டும். மின்கேபிள் போகும் தட்டிலேயே இதையும் போடாதீர்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். வெயில் படும் சுவருக்குக் கறுப்புப் பாலிஎத்திலின் உறை. சாதாரண பி.வி.சி. உறை நம் வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும்.

விடுதி அறைகளுக்கு நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. தீப்பிடித்தால் பி.வி.சி. உறை அடர்ந்த கரும்புகையோடு நச்சு அமில வாயுவையும் கக்கும். பெண்கள் தூங்கும் இடம் அது. குறைந்த புகை, ஹாலஜன் இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும், அதில் பேரம் பார்க்காதீர்கள்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். ஆனால் இந்த அளவுக்கு வாங்கும்போது தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பெயர் உள்ள விநியோகஸ்தரிடம் போவதே மேல். பில்லில் முழுப் பார்ட் நம்பரும் ‘தூய செம்பு’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். உறையில் மீட்டர் எண்கள் விடுபடாமல் வரிசையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். முதலில் 1 பெட்டி மட்டும் வாங்கி, அளந்து பார்த்து, மிகத் தொலைவில் உள்ள கேமராவுக்கு இழுத்து ஓர் இரவு ஓட விடுங்கள். காலையில் பதிவில் இடைவெளி இல்லையென்றால் மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.