கடும் தலைவலியும் மனச்சோர்வும்: பெங்களூருத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அல்சூர் வாசகி: அக்கா, எனக்கு ரொம்ப வருஷமா மைக்ரேன். நாலு மாசமா ராத்திரி ஃப்ளூனாரிசின் 10 மில்லிகிராம் போடறேன். வலி பாதியாக் குறைஞ்சிடுச்சு. ஆனா எதுலயும் பிடிப்பே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலும் அழுகை வருது. ஏன் இப்படி?

முதலில் அந்த மாத்திரையையே சந்தேகப்படுங்கள் அம்மா. ஃப்ளூனாரிசின் நம் நாட்டில் பரவலாக எழுதப்படும் தடுப்பு மருந்து, பலனும் உண்டு. ஆனால் மூளையில் மனநிலைக்கும் அசைவுக்கும் உதவும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையையும் அது தடுக்கும். அதனால் சிலருக்குத் தூக்கக் கலக்கம், எடை ஏறுவது, கூடவே மனச்சோர்வு வரும். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை தொடங்கிய தேதி, அழுகை தொடங்கிய தேதி இரண்டையும் எழுதிக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள். கை நடுக்கமோ நடையில் மந்தமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். இது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து. நிறுத்திய மறுநாளே மனசு தெளியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

டோபிராமேட் என்ற இன்னொரு மைக்ரேன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள். விரல் நுனி மதமதப்பு, பேசும்போது வார்த்தை வராமல் தடுமாறுவது, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் அதில் வரக்கூடியவை.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: நைட் ஷிஃப்ட் வேலை. மீட்டிங் நடுவுல வலி வந்துடுமோன்னு பயந்து முன்கூட்டியே மாத்திரை போட்டுடறேன். மாசத்துல 20 நாளாவது ஆகுது. இப்போ தினமும் தலைவலி, படபடப்பு வேற.

எத்தனை மாத்திரை என்பதைவிட, மாத்திரை போட்ட நாட்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. தனிப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் என்றால் மாதம் 15 நாள். மைக்ரேன் வலிக்கான டிரிப்டான், எர்கோட்டமின், கடும் வலிக்கான டிரமடால், அல்லது காஃபின் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்த அளவு தாண்டினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். உங்களுக்கு வலியைவிட, வலி வந்துவிடுமோ என்ற பயம்தான் ஸ்ட்ரிப்பைக் கிழிக்க வைக்கிறது. அதனால் பதற்றத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்காவிட்டால், நிறுத்தினாலும் திரும்ப இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

நிறுத்தும் முறையை டாக்டரோடு பேசி வையுங்கள். பாராசிட்டமால், டிரிப்டான் போன்றவற்றை ஒரேயடியாக நிறுத்தலாம். டிரமடாலைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்திய 2 முதல் 10 நாள் வரை வலி கூடும், வாந்தி உணர்வு, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் ஏறும். பலர் இந்த இடத்தில்தான் தடுப்பு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பழைய ஸ்ட்ரிப்பை எடுத்துவிடுகிறார்கள். ரிலீஸ் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள், லீவு போட்டுத் தொடங்குங்கள். காபி அளவை அந்த நாட்களில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிறகு வலி மாத்திரைக்கு வாரத்தில் 2 நாள், அதோடு சரி.

ராமமூர்த்தி நகர் வாசகி: வலி வந்தா மனசு சோர்ந்துதானே போகும்? அது நோயா, சாதாரணமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை அடுப்படியில் மாட்டுங்கள். தினமும் படுக்கும் முன் மூன்று குறிப்பு: வலி இருந்தால் 'வ', மாத்திரை போட்டால் 'மா', மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். ஆறு வாரம் கழித்து எண்களைப் பாருங்கள். வலிக்கு முந்தைய ஓரிரு நாள் மட்டும் எண் இறங்கி, கொட்டாவியும் எரிச்சலும் வந்தால் அது மைக்ரேனின் முன்கட்டம். வலி விட்ட மறுநாள் மட்டும் துவண்டால் பின்கட்டம். வலியே இல்லாத நாட்களிலும் இரண்டு வாரம் தொடர்ந்து எண் கீழேயே கிடந்தால் மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை தேவை. பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பேசுங்கள்.

அதே வாசகி: அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் குடுத்திருக்காங்க. அது மனச்சோர்வு மாத்திரைதானே, போதாதா?

போதாது. 10, 25 மில்லிகிராம் என்பது வலித் தடுப்புக்கான அளவு. மனச்சோர்வுக்குப் பொதுவாக 75-க்கு மேல் தேவைப்படும். சாக விரும்பும் எண்ணம் இருந்தால் ஸ்ட்ரிப்பை வீட்டில் வேறொருவர் வைத்திருக்கட்டும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைக்கும் மருந்து இது.

பி.டி.எம். லேஅவுட் வாசகர்: எஸ்சிட்டலோப்ராமும் சுமட்ரிப்டானும் சேர்த்துப் போடக் கூடாதுன்னு மருந்துக் கடையில சொல்றாங்களே?

எஸ்சிட்டலோப்ராம் மனச்சோர்வு மாத்திரை, சுமட்ரிப்டான் மைக்ரேன் வலிக்கான டிரிப்டான். இரண்டும் சேர்ந்தால் உடம்பில் செரடோனின் என்ற ரசாயனம் அளவு மீறலாம் என்று 2006-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கைதான் காரணம். நடைமுறையில் அந்த ஆபத்து மிக அரிது. டாக்டர்கள் இரண்டையும் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். நடுக்கம், காய்ச்சல், வியர்வை, குழப்பம் சேர்ந்து வந்தால் மட்டும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகி: என் கணவருக்குக் கிளஸ்டர் தலைவலி. நடுராத்திரி எழுந்து, ஒரு கண்ணுல நீர் வழிய, நடந்துகிட்டே இருப்பார், சுவத்துல முட்டிக்குவார். நேத்து "செத்துடலாம் போல இருக்கு"ன்னார்.

வலி வேகத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். வலி இறங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் வளராது. யோசித்திருக்கிறேன் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை எடுத்து வையுங்கள், ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 24 மணி நேரமும் இயங்கும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரை உதவாது, அது வேலை செய்வதற்குள் வலியே போய்விடும். முழு ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், பை வைத்த முகமூடியில், நிமிர்ந்து உட்கார்ந்து 15 முதல் 20 நிமிடம். மூக்குக் குழாய் வைத்தால் பலன் இல்லை. பலர் ஆக்சிஜனே பயனில்லை என்று சொல்வது இதனால்தான். வீட்டில் சிலிண்டர் வைக்கச் சீட்டு கேளுங்கள். பக்கத்தில் சிகரெட், விளக்கு கூடாது. ஆரம்பத்தில் சில நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் தூக்கமும் மனநிலையும் மாறலாம், அந்த நாட்களில் கூடுதலாகக் கவனியுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: முதல்ல நரம்பியலா, மனநலமா?

எது அதிகம் வதைக்கிறதோ அது. சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மனநலம்தான். இரண்டு டாக்டர்களுக்கும் ஒரே காலண்டரைக் காட்டுங்கள், சாப்பிடும் எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் வாங்கிய தைலத்தையும் கசாயத்தையும் அந்தப் பையில் சேர்க்க மறக்காதீர்கள்.