டம்டம் தோட்டாவும் ஐந்தாண்டு பலூனும்

கேள்வி: தானே இலக்கைத் தேர்ந்தெடுத்துச் சுடும் ட்ரோன்கள் வந்துவிட்டன. நாகரிக நாடுகள் ஒன்றுகூடி இவற்றைத் தடை செய்யாதது ஏன்? போர்ச் சட்டங்கள் காலாவதியாகிவிட்டனவா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நாகரிக நாடுகளா? அவை ஒன்றுகூடிய அழகை 1899-லேயே பார்த்தாகிவிட்டது, ஐயா. நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய அமைதி மாநாட்டில் பேச்சில் அடிபட்ட புதுச் சரக்கு, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் வெள்ளைக்காரன் செய்த தோட்டா. உடம்புக்குள் புகுந்ததும் தலை விரிந்து சதையைக் கிழிக்கும். தடை செய்யலாம் என்றார்கள். பிரிட்டனின் சார்பில் வந்திருந்த ஜெனரல் ஆர்டா எழுந்தார். நாகரிகச் சிப்பாய் குண்டு பட்டால் சமர்த்தாகப் படுத்து வைத்தியத்துக்குக் காத்திருப்பானாம். காட்டுமிராண்டியோ ஈட்டியும் கையுமாக ஓடி வந்துகொண்டே இருப்பானாம். ஆகவே அவனுக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை தேவை!

தடை நிறைவேறியது. ஆனால் கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டுமே அது செல்லும். ஈட்டிக்காரனை யார் கையெழுத்துக்கு அழைத்தார்கள்? பிரிட்டனே 1907-இல்தான் சேர்ந்தது.

அதே மாநாட்டில் பலூனிலிருந்து குண்டு வீசவும் தடை போட்டார்கள், ஐந்தே ஆண்டுகளுக்கு. ஆறாம் ஆண்டு பிறந்ததும் குண்டுக்கு இரக்கம் வந்துவிடுமா, அல்லது கீழே நிற்பவனுக்குத் தலை கெட்டிப்பட்டுவிடுமா? தடையைப் புதுப்பிக்கிற கவுண்டரில் யார் உட்கார்ந்திருந்தார், எத்தனை ரூபாய் ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. 1911 நவம்பரில் கவோட்டி என்ற இத்தாலிய விமானி லிபியாவில் விமானத்திலிருந்து கையாலேயே குண்டு போட்டார்.

டம்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது: நம் பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகளும் பின்னாளில் அந்த டம்டமில்தான் தயாராயின. லேபிளில் ஊர்ப்பெயர் இருக்கும். எதைக் கேட்டாலும் கிராமபோனில் போய் நிற்கிறேன் என்று மயிலாப்பூரிலிருந்து ஒருவர் கார்டு போடுவார். போடட்டும்.

சட்டம் காலாவதியாகவில்லை. புது ஆயுதம் எதுவானாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்கிறது ஜெனீவா போர்ச் சட்ட உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 36-ஆவது பிரிவு. ஆராய வேண்டியது அந்த ஆயுதத்தை வாங்குகிற அரசேதான். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற ஏற்பாடு. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவேயில்லை.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களை 1995-இல், அவை போர்க்களத்துக்கு வந்து சேருமுன்பே தடுத்தார்கள். தானியங்கி ஆயுதங்களுக்கு அந்த அவசரம் யாருக்கும் இல்லை. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இவற்றைப் பற்றி ஒரு தீர்மானம் வந்தது. தடைகூட இல்லை, நாடுகளின் கருத்தைக் கேட்டு அறிக்கை தயாரியுங்கள் என்கிற அளவுதான். ஆதரவு 152, எதிர்ப்பு 4. அந்த நான்கில் ரஷ்யாவும் உண்டு, நாமும் உண்டு. இதைப் பேச ஜெனீவாவில் ஏற்கெனவே ஓர் அரங்கு இருக்கிறதே என்பது நம் தரப்பு வாதம். இருக்கிறது. அங்கே ஒரே ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் எதுவும் நிறைவேறாது.