ஆய்வுப் படிப்பும் விசாவும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு ஊர் காங்கேயம் பக்கம். எம்.பி.ஏ. முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 28. போன வருடம் கல்யாணம் ஆனது.

காலேஜில் இருந்தே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஓர் ஆசை. எம்.பில். சேரலாம் என்று விசாரித்தால் அதை எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். இன்னொருவர், தபாலில் சேரலாம், நான் வாங்கித் தருகிறேன் என்கிறார். கோவையில் ஒரு கன்சல்டன்சியில் கேட்டேன். யு.கே.யில் எம்.ரெஸ். (மாஸ்டர் ஆஃப் ரிசர்ச்) என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, பிசினஸிலேயே கிடைக்கும், மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் வேலைக்குப் போனால் பீஸ் தன்னால் வந்துவிடும் என்றார்கள். அப்பா காட்டின்மேல் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆனால் "மறுபடியும் ஒரு மாஸ்டர் டிகிரியா சாமி, அதுதே ஒண்ணு இருக்குதல்லோ" என்றும் கேட்கிறார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

தலைப்பு என்ன என்று கன்சல்டன்சியில் கேட்டதற்கு "எம்ப்ளாயி மோட்டிவேஷன்" என்று சொல்லிவைத்தேன். உண்மையில் என்னை உறுத்துவது வேறு. சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்காரர்கள் எங்கள் அக்கவுண்ட்ஸ் ரூம் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இதெல்லாம் ஆராய்ச்சி ஆகுமா என்று தெரியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

கம்பெனியை அடையாளம் காட்டும் ஓரிரு வரிகளை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன்.

முதலில் அந்தத் தபால்காரரை முடித்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளோடு எம்.பில். போய்விட்டது. அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்கும் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பட்டம் செல்லும், புதிதாகச் சேர்வதற்கு இல்லை. அப்படியும் சில இடங்களில் சேர்த்துக்கொண்டே இருந்ததால் 2023 டிசம்பரில், சேராதீர்கள், இது அங்கீகாரமில்லாத பட்டம் என்று மாணவர்களுக்கு நேராகவே அறிவிப்பு விட்டார்கள். போதாததற்குத் தபால்வழி ஆய்வுப் பட்டத்தையே யுஜிசி ஏற்பதில்லை. அந்த ஆளுக்கு நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எம்.பில். போனதில் எனக்குப் பெரிய துக்கம் எதுவும் இல்லை. நம் பக்கம் வணிகவியலிலும் மேலாண்மையிலும் வந்த எம்.பில். ஆய்வேடுகளில் ஒரு பத்தைப் புரட்டினால் போதும். எல்லாம் "எ ஸ்டடி ஆன்" என்று தொடங்கி "வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு கோயம்புத்தூர் டிஸ்ட்ரிக்ட்" என்று முடியும். நூற்றிருபது பேரிடம் ஃபார்ம், 'மிகவும் திருப்தி'யில் தொடங்கி 'மிகவும் அதிருப்தி' வரை ஐந்து கட்டம், பெர்சன்டேஜ் அனாலிசிஸ், கை-ஸ்கொயர், கடைசியில் ஒரு காரெட் ரேங்கிங். அந்த நூற்றிருபதில் எத்தனை ஃபார்ம் டீக்கடையில் உட்கார்ந்து நண்பர்களே டிக் அடித்தது என்பது நண்பர்களுக்குத்தான் வெளிச்சம். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் அடுத்தடுத்து மூன்று ஃபார்ம்களை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினார், மூன்றிலும் ஒரே பச்சை மசி, ஒரே மாதிரி சாய்ந்த டிக். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று ஒரு வருடம் இறங்கிப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் கௌரவமாக வெளியே வர எம்.பில். ஒரு வழியாக இருந்தது. அது இப்போது இல்லை. நேராக பிஎச்.டி.யில்தான் இறங்க வேண்டும், குறைந்தது மூன்று வருடம். உங்களை மாதிரி ஆட்கள் வெளிநாட்டு ரிசர்ச் மாஸ்டர்ஸ் பக்கம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் தப்பில்லை.

சரி, எம்.ரெஸ். அது நல்ல படிப்புதான், யாருக்கு என்பதுதான் கேள்வி. எம்.பி.ஏ.யில் நீங்கள் படித்த மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் எதுவும் அதில் வராது. ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது, தரவை எப்படிச் சேகரிப்பது, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று எப்போது சொல்லலாம் எப்போது சொல்லக்கூடாது, நேர்காணலை எப்படிப் படிப்பது, இப்படி ஒரு பங்கு பாடம், அதைவிடப் பெரிய பங்கு உங்கள் சொந்த ஆய்வேடு. அப்பா கேட்டதற்கு இதுதான் பதில்: முதல் மாஸ்டர் டிகிரி கம்பெனி நடத்தக் கற்றுக்கொடுத்தது, இது கம்பெனியை ஆராயக் கற்றுக்கொடுக்கும். இரண்டாவதை வைத்து வேலை தேடினால் ஹெச்.ஆரில் இருப்பவர் உங்களை விநோதமாகப் பார்ப்பார், எம்.பி.ஏ.வுக்கு மேல் அதற்கென்று சந்தையில் தனி விலை கிடையாது. அங்கே பல பிசினஸ் ஸ்கூல்களில் எம்.ரெஸ். என்பதே பிஎச்.டி.யின் முதல் படி. ஒரு வருடம் அது, மூன்று வருடம் பிஎச்.டி. என்று சேர்த்து உதவித்தொகை கொடுக்கும் வழக்கமும் உண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இரண்டையும் ஒரே சேர்க்கையாகவே வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ராட்டர்டாம், டில்பர்க் போன்ற இடங்களில் ரிசர்ச் மாஸ்டர்ஸ் இரண்டு வருடம், அதுவும் பிஎச்.டி.க்கு ஆள் தயார் செய்யத்தான். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாஸ்டர்ஸுக்கு அரசாங்கத் திட்டத்திலேயே கட்டண விலக்கும் மாதத் தொகையும் உண்டு, வெளிநாட்டவரும் போட்டியிடலாம், ஆனால் போட்டி கடுமை.

கன்சல்டன்சிக்காரர் இதில் எதையும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஏன் எம்.ரெஸ்ஸைத் தூக்கிப் பிடிக்கிறார் தெரியுமா? 2024 ஜனவரியில் இருந்து யு.கே.வுக்குச் சாதாரண மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் மனைவி மக்களைக் கூட்டிப்போக முடியாது. அரசாங்க உதவித்தொகையில் போகிறவர்களை விட்டால், பிஎச்.டி.க்காரர்களுக்கும், பாடத்தைவிட ஆய்வின் பங்கு பெரிதாக இருக்கிற பட்டப்படிப்புகளில் சேர்கிறவர்களுக்கும் மட்டும்தான் அந்த வழி திறந்திருக்கிறது. அதுவரை ஏஜெண்டுகள் எட்டிப் பார்க்காத ஒரு படிப்புக்குத் திடீரென்று மவுசு வந்தது இப்படித்தான். அவர் உங்களுக்கு விற்பது ஒரு விசா, படிப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மனைவி வேலைக்குப் போய் பீஸ் கட்டலாம் என்பது சுத்தப் புருடா. சேர்க்கை உறுதியாவதற்கே முன்பணம் கட்ட வேண்டும், மீதிக் கட்டணமும் இரண்டு பேருடைய செலவுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் பேங்கில் இருப்பதாகக் காட்ட வேண்டும், மருத்துவக் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று விசாவோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். உங்கள் மனைவி அங்கே போய் இறங்குவதற்கு முன்பே காடு பேங்குக்குப் போயிருக்கும். அங்கே போய்ச் சேர்ந்தபின், ஆராய்ச்சியில் மனம் இல்லாமல், சூப்பர்வைசர் அனுப்பும் மெயிலுக்குப் பதில் எழுதத் தெரியாமல், ராத்திரி ஷிஃப்டுக்கும் போய்க்கொண்டு அந்த ஆய்வேட்டை எழுதுவதைப்போல் ஒரு நரகம் இல்லை.

என் கருத்தைக் கேட்டீர்கள் அல்லவா, இதுதான்: ரிசர்ச் மாஸ்டர்ஸுக்கு உதவித்தொகை கிடைத்தால் போங்கள். காட்டை வைத்துப் போகாதீர்கள். இடம்பெயர்வதுதான் நோக்கம் என்றால் அதை நேராகவே ஒத்துக்கொண்டு அதற்கான வழியைத் தேடுங்கள், ஆராய்ச்சியை அதற்கு வேஷமாகப் போடவேண்டாம்.

இங்கேயே வழி இருக்கிறது என்பதையும் யாரோ உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வருட எம்.பி.ஏ.வில் 55 விழுக்காடு இருந்தால் நீங்கள் இன்றைக்கே பிஎச்.டி.க்குத் தகுதி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் (வசதி படைத்த கிரீமி லேயர் அல்லாதவராக) இருந்தால் ஐந்து விழுக்காடு சலுகையும் உண்டு. யுஜிசியின் நெட் தகுதித் தேர்வில் உங்கள் பாடம் மேனேஜ்மெண்ட், எண் 17. 2024 ஜூனில் இருந்து நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள் (அந்த முதல் தேர்வையே நடத்திய மறுநாள் ரத்து செய்து மறுபடி வைத்தார்கள், அது ஒரு தனிக்கதை). அதே தேர்வின் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அதற்கு வயது வரம்பு 30, மேலே சொன்ன பிற்படுத்தப்பட்டோருக்கு ஐந்து வருடம் தள்ளுபடி. ஐ.ஐ.எம்.களிலும் முழுநேர பிஎச்.டி.க்கு மாதத் தொகை உண்டு, திருச்சி நமக்கு எட்டுகிற தூரம்தான். வேலையை விட முடியாது என்றால் கம்பெனியிடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகவும் சேரலாம், 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன. பகுதிநேரத்தில் பாதிப் பேர் நடுவழியில் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். எம்ப்ளாயி மோட்டிவேஷனைத் தூக்கிப் போடுங்கள். அந்த பெஞ்ச்தான் உங்கள் ஆய்வு.

நீங்கள் தினமும் பார்ப்பது, ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு டி-ஷர்ட் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங், செக்கிங் என்று பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. இதில் பல வேலைகள் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகின்றன. அந்தச் சின்ன யூனிட்காரர் சனிக்கிழமை தன் ஆட்களுக்குக் கூலி போட்டாக வேண்டும். அவருக்கு வரவேண்டியதோ இரண்டு மூன்று மாதத்து பாக்கி. பில்லையும் சரக்கு அனுப்பிய டெலிவரி சலானையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார் இல்லீங்களா? பரவால்லீங்க, இருக்கறனுங்க" என்பார். சட்டம் என்னவோ அவர் பக்கம்தான். 2006-இன் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு எழுதிய ஒரு ஜாப் ஒர்க்காரரை உங்களுக்குத் தெரியுமா? கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போகும்.

அப்புறம் 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிக்குள் இதைக் கொண்டுவந்தார்கள், பிரிவு 43பி(ஹெச்). உங்கள் ஆடிட்டர் இதைப் பற்றிப் புலம்பியிருப்பார். குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, எந்த வருடம் கொடுக்கிறீர்களோ அந்த வருடம்தான். நல்ல சட்டம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள்: ஜூலையில் போட்ட பில்லுக்கு நவம்பரில் பணம் கொடுத்தால் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, ஆனால் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டதால் வரியில் ஒரு நஷ்டமும் இல்லை. கடிப்பது மார்ச் 31 அன்று மட்டும்தான். அப்படியானால் இந்தச் சட்டம் வந்தபின் பெஞ்சில் காத்திருக்கும் காலம் உண்மையிலேயே குறைந்ததா, அல்லது மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் செக் பறந்துவிட்டு ஏப்ரலில் பழையபடி ஆகிவிட்டதா? நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை. அப்போது உத்யம் என்ற அரசுத் தொழில் பதிவு வைத்திருக்கும் சின்ன யூனிட்டுகளைவிட்டு ஆர்டர் மேலே போனதா? அல்லது பதிவே இல்லாத ஆளிடம் போனதா? பில் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னார்களா? டீக்கடைப் பேச்சாக எனக்கு நாலு பதில் கிடைக்கிறது, நாலும் ஒன்றுக்கொன்று முரண்.

இதற்கான விடை உங்கள் கம்பெனியின் டேலி கணக்கு மென்பொருளில் இருக்கிறது. பில் தேதி, பணம் போன தேதி, யூனிட் எந்த வகை, சட்டத்துக்கு முன் இரண்டு வருடம், பின் இரண்டு வருடம். சட்டம் தொட்டவர்களுக்கு என்ன மாறியது, தொடாதவர்களுக்கு என்ன மாறியது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு. இதைத்தான் படிப்பில் டிஃபரன்ஸ் இன் டிஃபரன்ஸ் என்பார்கள், இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளத்தான் ரிசர்ச் மாஸ்டர்ஸ். ஒரு கம்பெனிக் கணக்கை வைத்துத் திருப்பூர் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் இரண்டு பக்க ஆய்வு முன்மொழிவுக்கு அது தாராளம். அதை வைத்துக்கொண்டு எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவையும் தட்டலாம்.

கணக்கோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் பேசவும் வேண்டும். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றிச் செய்த ஆய்வு 2004-இல் நூலாக வந்தது. பனியன் கம்பெனிக்குக் கூலிக்கு வந்த கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் எப்படி முதலாளி ஆனார்கள் என்பது பொருள். உழைத்தோம், மேலே வந்தோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் அதோடு விடாமல் அந்த உழைப்புக்குப் பின்னால் சாதியும் உறவும் பங்காளிக் கூட்டும் என்ன செய்தன என்று பிரித்துப் பார்த்தார். நம் ஊரில் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் வந்தும் இந்தக் கேள்விக்கு ஒருவர் வெளியில் இருந்து வர வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தப் பேச்சு பிறந்ததில் இருந்து தெரியும், அது வசதி. எல்லாம் தெரிந்ததுதானே என்று தோன்றிவிடும், அது ஆபத்து.

முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று யோசிப்பீர்கள். ஆய்வு என்று சொல்லாமல் டேலியில் இருந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், அது திருட்டு, நாளைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அந்தத் தரவை ஏற்காது. கம்பெனி பெயரும் யூனிட் பெயர்களும் வராது, எண் மட்டும்தான் இருக்கும் என்று சொல்லி எழுத்தில் அனுமதி கேளுங்கள். மார்ச் முடிந்து ஆடிட் வேலையெல்லாம் ஓய்ந்தபின் கேட்டால் மனுஷன் கொஞ்சம் நிதானமாக இருப்பார். மறுத்துவிட்டால் அந்த யூனிட்காரர்களின் பில் புத்தகங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள். முன்மொழிவு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், தமிழிலேயே எழுதுங்கள், ஆங்கிலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்